படியில நிக்கிறவங்க

செப்டம்பர் 29, ஞாயிறு

டாக்டரம்மா நோட்டு போடச் சொல்லிச்சு. காலையில சுகர் எவ்வளவு, அன்னைக்கு முழுக்க வாயில என்னென்ன போச்சு, ஒண்ணு விடாம எழுதிக் கொண்டாரணுமாம். எட்டாவது ஃபெயிலான ஆளுகிட்ட வீட்டுப்பாடம் கேக்குது. ஆனா முப்பத்தி நாலு வருஷம் சிட்டி பஸ்ஸுல கண்டக்டரா டிரிப் ஷீட் எழுதின கை இது. விடுவானா கன்னியப்பன்.

சுகர் 168. காலையில ரெண்டு இட்லி. சரி, மூணு. மதியம் கத்திரிக்காய். புரட்டாசி மாசம், வீட்டுல மீன் வாசனையே கிடையாது. ராத்திரி சப்பாத்தி, அதுக்குத் தொட்டுக்க அதே கத்திரிக்காய்.

நோட்டுல பக்கம் நிறைய இருக்கு. சாப்பிட்டதை மட்டும் எழுதுனா வீணாப் போகும். மத்ததையும் எழுதி வைக்கிறேன். டாக்டரம்மா படிச்சா படிக்கட்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

சுகர் 171. பரண் மேல இருந்து கொலுப் பொம்மை டிரங்குப் பெட்டி நாலும் கீழ இறங்கிச்சு. இறக்கினது பையன் தணிகாசலம். கீழ நின்னு "பாத்து, பாத்து"ன்னு சொன்னது நான். ரெண்டும் வேலைதான்.

பெட்டிங்க எங்களோடது இல்ல. எங்க பரம்பரையிலயே கொலு கிடையாது. மருமவ ஹேமலதாவோட அம்மா குமுதவல்லி, காஞ்சிபுரத்துக்காரங்க, அவங்களோடது. சம்பந்தி முதலியார் தவறினப்புறம் ஹேமா போய் அம்மாவையும் பெட்டியையும் சேத்துக் கூட்டியாந்துச்சு. நாலு வருஷம் ஆச்சு. ஒரே வீட்டுல ஒரு மாமனாரும் ஒரு மாமியாரும். பையனும் மருமவளும் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா நாங்க ரெண்டு பேருதான். டிவி ரிமோட்டு யாரு கையில இருக்கணும்ங்கிறதுலதான் எங்களுக்குள்ள பாக்கி சண்டை.

கீழ தெருவுல எந்த வண்டி ஹாரன் அடிச்சாலும் நான் ஒண்ணு சொல்லுவேன். "சம்பந்தியம்மா, உங்க ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்குங்க." கேஸ் வண்டி வந்தாலும் சொல்லுவேன், குப்பை வண்டி வந்தாலும் சொல்லுவேன். அவங்க "வந்துச்சு வந்துச்சு"ன்னு சிரிச்சுட்டு வெங்காயம் நறுக்குவாங்க. நாலு வருஷமா ஓடுற ரூட்டு.

இன்னைக்குப் பெட்டியைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "அண்ணே, இந்த வருஷந்தான் இங்க கடைசிக் கொலு. விஜயதசமிக்கு ரகு வரான். அவன்கூட நாக்பூர் போறேன்."

ரகுபதி அவங்க பையன். நல்ல பையன்தான்.

நான் சொன்னேன், "அப்பாடா, ரிமோட்டு எனக்கு."

ராத்திரி சாப்பாடு தோசை ஒண்ணு. ஒண்ணேதான்.

அக்டோபர் 2, புதன்

அமாவாசை. படி கட்டியாச்சு. இரும்புப் படி, ஏழு. மேல விரிக்க வெள்ளை வேட்டி வேணும்னு என்னோட புது வேட்டியை உருவிட்டாங்க. நான் பத்து நாள் லுங்கிதான்.

இடுப்பு வலின்னு அவங்க நாற்காலியில உக்காந்துட்டு கையை நீட்டி நீட்டிச் சொன்னாங்க, நான் வச்சேன். மேல் படியில கலசம், பக்கத்துல மரப்பாச்சி ஜோடி. அதுக்குக் கீழ சாமிங்க. தசாவதாரம் ஒரு படி முழுக்க. அப்புறம் கல்யாண செட்டு, செட்டியார் கடை, கிரிக்கெட்டு டீம்.

"என்ன சம்பந்தியம்மா, பத்து அவதாரமும் ஒரே படியில தொங்கிட்டு வருது? உள்ள இடம் இருக்கே, உள்ள போகச் சொல்லுங்க."

"அண்ணே, மீன் அவதாரத்தை முதல்ல வைங்க. நீங்க கல்கியை முன்னாடி வச்சிட்டீங்க."

"அவரு குதிரையில வராரு, சீக்கிரம் வந்துட்டாரு. மீனைப் பத்தி மட்டும் பேசாதீங்க, புரட்டாசி."

அதுக்கு அவங்க சிரிச்ச சிரிப்புல நாற்காலி ஆடிச்சு.

வருஷா வருஷம் புதுசா ஒரு பொம்மையாவது வாங்கி வைக்கணும், அது வழக்கம். போன வருஷம் என்னை இழுத்துக்கிட்டுப் போய் ஒரு தவில்காரரை வாங்கினாங்க. இந்த வருஷம் வாங்கல. கேட்டேன். "எதுக்குண்ணே, தூக்கிட்டா போகப்போறேன்"னாங்க. நாக்பூர்ல ரகு இருக்கிறது ஒரே ஒரு ரூமு வீடாம். பொம்மைங்களை இங்கயே தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்துட்டுப் போறாங்களாம்.

சுகர் 165. மதியம் வாழைக்காய்.

அக்டோபர் 3, வியாழன்

கொலு ஆரம்பம். கொண்டைக்கடலை சுண்டல், ரெண்டு கப்பு. சுண்டல் சுகருக்கு நல்லதுன்னு டாக்டரம்மாவே சொல்லிருக்கு. எத்தனை கப்புன்னு சொல்லல.

அக்டோபர் 4, வெள்ளி

வெள்ளிக்கிழமைன்னா வெல்லப் புட்டு. எனக்கு ஒரு ஸ்பூன்தான் கொடுத்தாங்க. ஸ்பூனு பெருசு.

எதிர் போர்ஷன் பத்மாசினி டீச்சர் வந்து பாட்டு பாடுனாங்க. ரிட்டயர்டு டீச்சர். பாடி முடிச்சதும் "எப்படி இருந்தது?"ன்னு என்னைக் கேட்டாங்க. "பிரேக்கு பிடிக்கிற இடமெல்லாம் கரெக்டா பிடிச்சீங்க டீச்சர்"ன்னேன். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு உள்ள ஓடிட்டாங்க.

அக்டோபர் 5, சனி

சுகர் 194. ஏன்னு தெரியல.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்னைக்கு நடந்ததை மறைக்காம எழுதுறேன். டாக்டரம்மா திட்டட்டும்.

மதியம் ரெண்டு மணிக்கு எல்லாரும் படுத்துட்டாங்க. கலசத்துக்கு முன்னால தட்டுல ரவா லட்டு இருந்தது. சாமி எப்பவோ சாப்பிட்டு முடிச்சிருக்கும், நான் ஒண்ணை எடுத்தேன். எடுக்கிறப்போ முழங்கை கடைக்காரச் செட்டியார் மேல பட்டு, அவரு தலை கழண்டு கையில வந்துடுச்சு. தொப்பையோட உக்காந்திருக்கிற ஆளு, சிரிச்ச மொகம். கையில தலை மட்டும் இருந்தாலும் சிரிக்கிறாரு.

பசை தடவி ஒட்டினேன். நிமுத்தி வச்சா தலை சாயுது. காயிற வரைக்கும் இருக்கட்டும்னு அவரை அதே படியில மல்லாக்கப் படுக்க வச்சு, தலைக்கு என் கர்ச்சீப்பை மடிச்சுக் கொடுத்துட்டு லட்டோட போயிட்டேன்.

நாலு மணிக்கு பத்மாசினி டீச்சர் குரல், இந்தத் தடவை பாட்டு இல்ல.

"ஐயையோ! குமுதம்மா! கொலு முடிஞ்சு போச்சா? பொம்மையைப் படுக்க வச்சிட்டீங்களே!"

எனக்கு இது தெரியாதுங்க. பத்தாம் நாளு ஆரத்தி எடுத்துட்டு ஒரு பொம்மையைப் படுக்க வைப்பாங்களாம். படுக்க வச்சா கொலு முடிஞ்சதுன்னு அர்த்தமாம். மறுநாள் எடுத்துப் பெட்டியில வச்சிடலாம். நாலு வருஷமா அந்த நேரத்துக்கு நான் கரெக்டா டீக்கடையில இருந்திருக்கேன்.

சம்பந்தியம்மா ஓடி வந்தவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. செட்டியாரைத் தொடவே இல்ல. "நாலாம் நாளே முடிஞ்சிடுச்சா"ன்னு மெதுவா கேட்டாங்க. என்னைக் கேட்டாங்களா பொம்மையைக் கேட்டாங்களான்னு தெரியல.

"முடியல சம்பந்தியம்மா! சாப்பிட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம். கடைக்காரங்க எல்லாம் மதியம் தூங்குவாங்க."

"விளையாடாதீங்கண்ணே. படுக்க வச்சதை எப்படி எழுப்புறது? எங்க வீட்டுல இப்படி நடந்ததே இல்ல."

"உங்க வீட்டுல கண்டக்டரு இருந்தாரா? டிப்போவுக்கு வண்டி போனப்புறமும் தூங்குறவன் எத்தனை பேரை எழுப்பி இறக்கியிருக்கேன்!"

உள்ள போய் பீரோ சாவியோட மாட்டியிருந்த என் பழைய விசிலை எடுத்தாந்தேன். செட்டியார் காதுகிட்ட ரெண்டு தடவை ஊதினேன். ஒரு தடவை ஊதினா நிறுத்து, ரெண்டு தடவைன்னா கிளம்பு. ஊதிட்டு அவரைத் தூக்கி உக்கார வச்சேன். தலை ஆடாம நின்னுச்சு.

அப்புறம் சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க. கண்ணுல தண்ணி வழியுது, மூச்சு வாங்குது, "ஊதுறாரு டீச்சர், சாமி முன்னாடி விசில் ஊதுறாரு"ன்னு பத்மாசினி டீச்சர் தோள்ல அடிக்கிறாங்க. டீச்சரும் சிரிச்சிட்டாங்க. தூங்கிட்டிருந்த தணிகா எழுந்து வந்து என்ன ஏதுன்னு கேக்குறான்.

சிரிச்சு முடிச்சு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "நல்ல வேளை, இன்னும் ஆறு நாள் இருக்கு"ன்னாங்க.

அப்புறம் சிரிக்கல. நானும்தான்.

லட்டு ஒண்ணு. அதுவும் ருசியா இல்ல.

அக்டோபர் 7, திங்கள்

சுகர் 186. பட்டாணி சுண்டல் அரை கப்பு. போதும்னு தோணிச்சு.

அக்டோபர் 8, செவ்வாய்

சம்பந்தியம்மா உக்காந்து துண்டுச் சீட்டுல பேரு எழுதி, ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில வைக்கிறாங்க. யாருக்கு எது போகணும்னு. அவங்க மார்க்கெட்டுக்குப் போனப்போ நான் ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தேன். தசாவதாரம் பத்மாசினி டீச்சருக்கு. கல்யாண செட்டு ஹேமாவுக்கு. கிரிக்கெட்டு டீமு தணிகாவுக்கு. அயர்ன் கடைக்காரரு சம்சாரத்துக்கு அஷ்டலட்சுமி, எட்டு பேரும். செட்டியார் கடை, காய்கறி கொண்டாற அம்மாவுக்கு. தவில்காரரு கூட யாருக்கோ.

எல்லாத்தையும் தூக்கிப் பாத்தேன். என் பேரு எதுலயும் இல்ல.

எனக்கு எதுக்கு பொம்மை. எழுபத்தி மூணு வயசு.

காராமணி சுண்டல் செஞ்சாங்களாம். வேணாம்னுட்டேன். சுகர் 140.

அக்டோபர் 9, புதன்

ஹேமாவுக்கு இன்னைக்கு லீவு. அம்மா குளிக்கப் போன நேரமா பாத்து நான் கேட்டேன். "ஏம்மா, நாலு வருஷமா நல்லாத்தானே இருந்தாங்க. நாக்பூர்ல அப்படி என்ன இருக்கு? ரகுதான் வரச் சொல்லி அடம் பிடிச்சானா?"

ஹேமா என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. அது கோவப்பட்டு நான் பாத்தது இல்ல.

"அண்ணன் கூப்பிடவே இல்ல மாமா. அம்மாதான் போன் பண்ணி வந்து கூட்டிட்டுப் போன்னாங்க. எனக்கே முந்தாநாள்தான் தெரியும், அவங்க பேசினது காதுல விழுந்துச்சு."

"என்ன பேசினாங்க?"

"வேணாம் மாமா."

"சொல்லும்மா."

"பொண்ணு குடுத்த வீட்டுல எத்தனை நாள் உக்காந்து சாப்பிடறது, சம்பந்தி நல்லவருதான், மனசுல ஒண்ணும் கிடையாது, வாயிலதான் வருது. ஆனா தினமும் இறங்குங்க இறங்குங்கன்னு சொல்ற வார்த்தை ஒரு நாள் நெசமாவே வந்துடும். அதுக்கு முன்னாடி நாமளே இறங்கிடறது மரியாதைன்னாங்க."

கீழ குப்பை வண்டி ஹாரன் அடிச்சது. நான் ஒண்ணும் சொல்லல.

நாலு வருஷம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு வச்சாலும் எத்தனை தடவை. அவங்க சிரிச்சாங்களே. ஒவ்வொரு தடவையும் சிரிச்சாங்களே, நான் அதைத்தானே பாத்தேன். பஸ்ஸுல சொல்ற மாதிரி சொல்றதுதான். பஸ்ஸுல எல்லாருக்கும் போறதுக்குன்னு ஒரு வீடு இருக்கும்.

சுகர் 118. டாக்டரம்மா சந்தோஷப்படும்.

அக்டோபர் 10, வியாழன்

காலையில சம்பந்தியம்மா பூ கட்டிட்டிருந்தாங்க. போய் எதிர்ல உக்காந்தேன். நேராவே சொன்னேன்.

"சம்பந்தியம்மா, போகாதீங்க. இருங்க."

நிமிர்ந்து பாத்தாங்க. சிரிச்சிட்டாங்க. "டிக்கெட்டு எடுத்தாச்சுண்ணே, இனிமே எதுக்கு என்னை வம்பு இழுக்குறீங்க."

"இல்ல, நெசமா."

"ஆமாமா, நீங்க நெசமா சொல்லி நான் எப்பக் கேட்டேன். போன தீபாவளிக்கு என் பேருல லாட்டரி விழுந்துடுச்சுன்னு நெசமாத்தான் சொன்னீங்க."

அப்ப நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கணும். பழக்க தோஷம், "சரி விடுங்க, என் வேட்டியாவது எனக்குத் திரும்பி வந்துடும்"ன்னுட்டேன். அவங்களும் "அதானே பாத்தேன்"ன்னு பூவைக் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

சாயங்காலம் நோட்டைக் கேட்டாங்க. நாளைக்கு சரஸ்வதி பூஜை, வீட்டுல இருக்கிற புஸ்தகம் நோட்டு எல்லாம் சாமிகிட்ட அடுக்கணுமாம். "இது சுகர் நோட்டும்மா"ன்னேன். "எழுத்துன்னா எழுத்துதாண்ணே, கொடுங்க"ன்னாங்க. ஆறு மணி வரைக்கும் எழுதிட்டுத் தரேன்னு இதை எழுதுறேன். இதோ கூப்பிடுறாங்க.

அக்டோபர் 11, வெள்ளி

(காலண்டர் தாளு பின்னாடி எழுதுறேன். அப்புறம் நோட்டுல ஒட்டணும்.)

இன்னைக்கு எழுதக் கூடாதாம். அதனால எழுதல. பொரி, கடலை, சுண்டல்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நோட்டு திரும்பி வந்துச்சு. அட்டையில சந்தனம் குங்குமம். உள்ள ஒன்பதாம் தேதிப் பக்கத்துலயும் ஓரமா ஒரு மஞ்சள் விரல் ரேகை. பூஜையில வச்சா இப்படித்தான், எல்லாத்துலயும் ஒட்டிக்கும்.

காலையில ரகுபதி வந்துட்டான். முடி கொட்டிப் போச்சு. "எப்படி இருக்கீங்க மாமா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். அவன் மேல கோவப்படலாம்னு ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேன், முடியல.

சாயங்காலம் விளக்கேத்தி ஆரத்தி எடுத்தாங்க. இந்த வருஷம் நான் டீக்கடைக்குப் போகல. சம்பந்தியம்மா மேல் படியில இருந்த மரப்பாச்சி ஜோடியை எடுத்து, சின்னக் குழந்தைங்களைப் படுக்க வைக்கிற மாதிரி தலையைப் பிடிச்சுப் படுக்க வச்சாங்க. கொலு முடிஞ்சது. இந்தத் தடவை நெசமாவே.

என் பக்கம் திரும்பி, "அண்ணே, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"ன்னாங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்க. கேட்டுட்டு அங்கயே நின்னாங்க.

எல்லாரும் இருக்காங்க. டீச்சர், ரகு, தணிகா, ஹேமா. நான் சொன்னது: "சத்தம் போடாதீங்க, ரெண்டு பேரும் இப்பத்தான் கண்ணை மூடினாங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க மட்டும் தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாங்க.

அப்புறம் பால்கனியில ரகுபதிகூட உக்காந்திருந்தேன். அவனா பேசினான். "எங்கம்மாவைப் பத்தி ஒண்ணு தெரியுமா மாமா? தட்டு வச்சு முறையா அழைக்காத வீட்டுல ஒரு நாள் தங்க மாட்டாங்க. சித்தி வீட்டுக்கே தாம்பூலத்தோட ஆள் வந்தாத்தான் போவாங்க. அப்பா தவறினப்போ இருந்த நிலைமையில, உங்க வீட்டுக்கு மட்டும்தான் சும்மா வந்துட்டாங்க. அது அவங்களுக்கு உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கு."

எனக்கு அந்த மாதிரி முறையெல்லாம் யோசிக்கவே தோணாது. இதையெல்லாம் என் வீட்டுக்காரிதான் பாத்துப்பா. அவ போய் ஒன்பது வருஷம் ஆச்சு.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில ஆறரைக்கே கடைக்குப் போனேன். வெத்தலை, தேங்காய், வாழைப்பழம் ஒரு சீப்பு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், மல்லி நாலு மொழம். பூக்காரம்மா "என்ன தாத்தா, பொண்ணு பாக்கப் போறீங்களா"ன்னுச்சு. பதில் வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இன்னைக்குக் கேலியைச் செலவு பண்ணக் கூடாதுன்னு வச்சிருந்தேன்.

வந்து ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, தணிகாவோட வேட்டியைக் கட்டிக்கிட்டேன். பித்தளைத் தட்டுல எல்லாத்தையும் அடுக்கினேன். தணிகாவையும் ஹேமாவையும் கூப்பிட்டு ரெண்டு பக்கமும் நில்லுங்கன்னேன். "என்னப்பா இது?"ன்னான். "வாயை மூடிட்டு நில்லுடா"ன்னேன்.

ஹால்ல சம்பந்தியம்மா படியில இருந்து பொம்மையை எடுத்துப் பழைய துணியில சுத்திட்டிருந்தாங்க. பத்மாசினி டீச்சர் தசாவதாரத்துக்குப் பை கொண்டாந்திருந்தாங்க. ரகு சூட்கேஸைக் கட்டிட்டு இருந்தான், பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பணும். நான் தட்டோட போய் நின்னதும் எல்லாரும் சிரிக்கிறதுக்கு ரெடியா பாத்தாங்க. அந்த மாதிரி ஆளுதானே நான்.

சொன்னேன். ராத்திரி முழுக்க மனசுல ஓட்டிப் பாத்தது.

"சம்பந்தியம்மா. நாலு வருஷம் முன்னாடி செஞ்சிருக்கணும், செய்யல. தப்பு என்னோடது. எங்க வீட்டுல வந்து எங்களோட இருக்கணும்னு இப்ப முறையா அழைக்கிறேன். கேலி இல்ல."

யாரும் சிரிக்கல. டீச்சர் கையில பாதி மடிச்ச பை அப்படியே நிக்குது. ரகு சூட்கேஸ் பூட்டுல கை வச்சபடி அவங்கம்மாவையே பாக்குறான்.

சம்பந்தியம்மா கையில இருந்த பொம்மையைக் கீழ வச்சாங்க. கிட்ட வந்தாங்க. என் மூஞ்சியைப் பாக்கல, தட்டையே பாத்தாங்க. தேங்காய், பழம், பூ, வெத்தலைன்னு ஒவ்வொண்ணா. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"பாக்கு எங்கண்ணே?"

பாக்கு வாங்கல. வெத்தலை வாங்கினவன் பாக்கை மறந்துட்டேன். பாக்கு இல்லாம என்ன தாம்பூலம், அது எனக்கே தெரியும். வேற நாளா இருந்தா பத்து பதில் சொல்லியிருப்பேன். இன்னைக்கு, "மறந்துட்டேம்மா"ன்னேன்.

அவங்க திரும்பி உள்ள போனாங்க. சமையல்கட்டுல டப்பா திறக்கிற சத்தம், மூடுற சத்தம். அதுவரைக்கும் நான் தட்டை ஏந்திக்கிட்டே நின்னேன், ஹேமா என் முழங்கையைத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு.

வந்தாங்க. கையில கொட்டைப் பாக்கு ரெண்டு. வெத்தலை மேல அதை வச்சாங்க. தலைப்பை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு கையையும் நீட்டி, தட்டை வாங்கிக்கிட்டாங்க.